நீங்கள் திருப்பிக் கொடுத்த லைட்டுகள்

அண்ணி,

இன்று சாயங்காலம் மறுபடியும் ஒரு பார்சல் வந்தது. அட்டையைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. ஆம்பூரிலிருந்து ஷூ கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது உங்கள் புடவையில் ஒட்டிக்கொண்டு வருமே, ஷூவுக்குப் பூசும் பசையும் ரப்பரும் கலந்த வாசனை, கிட்டத்தட்ட அதேதான். மூக்கு முதலில் உங்களை நினைத்தது. அடுத்த நொடி எனக்குக் கோபம் வந்தது.

கோபப்படக் காரணம் இருக்கிறது. மலையேறுவதற்கு ஒரு ஹெட்லைட் வாங்க வேண்டும். தலையைச் சுற்றிப் பட்டையைக் கட்டி நெற்றியில் மாட்டிக்கொள்கிற சின்ன லைட், அவ்வளவுதான். ஊரில் மற்றவர்கள் போனில் படத்தைப் பார்க்கிறார்கள், பிடித்ததை வாங்குகிறார்கள், மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார்கள். என்னால் முடியவில்லை. முதலில் வந்ததைச் சோப்புக் கையால் அமுக்கிப் பார்த்தேன், பொத்தான் வழுக்கியது. திருப்பி அனுப்பினேன். அடுத்ததைப் பைக்குள் போட்டுக் குலுக்கினேன். உள்ளேயே தானாக எரிந்துகொண்டிருந்தது. அதையும் அனுப்பினேன். இன்னொன்றை மாட்டிக்கொண்டு அரிசி களையக் குனிந்தபோது அது மூக்குக்கு இறங்கி வந்தது. விற்ற இடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். லைட் எரியவில்லையா என்று கேட்டாள். நன்றாக எரிகிறது என்றேன். அப்புறம் என்னதான் மேடம் பிரச்சினை என்றாள். நான் என்ன சொல்வது? என் அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார், போகும்போது அவருடைய சந்தேகங்களை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று சொல்லவா?

இத்தனைக்கும் மலைக்குப் போக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவள் நானில்லை. சர்க்கரைக்கு மருந்து கொடுத்த டாக்டர் உங்களை நடக்கச் சொன்னார். எங்கள் சத்துவாச்சாரித் தெருக்களைத்தான் அவர் மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். நீங்கள் சில மாதம் தெருக்களைச் சுற்றினீர்கள். நாய்கள் ஜாஸ்தி, பார்க்க ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொண்டீர்கள். பிறகு உங்கள் கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்த பர்வீன், பேரணாம்பட்டுப் பக்கத்து மலை ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது உங்கள் முகம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு மேலே என் மாடி அறையில் என் பாட்டுக்குக் கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த என்னையும் இழுத்துப் போனீர்கள். "ஸ்கூல்ல நாள் பூரா நிக்கிறியே, அந்தக் காலு ஒரு மலை ஏறாதா?" என்று கேட்டீர்கள். ஏறியது. அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனை இல்லாத விடுமுறை நாள் எதுவும் எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

முதல் ஹெட்லைட்டை வாங்கியது நான்தான். பஜாரில் பாய் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் மலை உச்சி, பனி, ஒரு வெள்ளைக்காரர். விடிய விடிய எரியும் என்று எழுதியிருந்தது. ஏலகிரியில் இறங்கும்போது பாதி வழியிலேயே பொட்டென்று அணைந்தது. மங்கவில்லை, எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை. மிச்ச தூரத்தைப் போன் வெளிச்சத்தில் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கீழே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நீங்கள் சொன்னதை இப்போதும் எங்கே எந்த அட்டையைப் பார்த்தாலும் நினைத்துக்கொள்கிறேன்: "அட்டைல எழுதினது அட்டைக்குத்தான்."

அன்றைக்கு ஆரம்பித்தது பேஜார்.

கம்பெனியில் உங்கள் வேலை முடிந்த ஷூக்களைச் சோதிப்பது. மடக்குவீர்கள், இழுப்பீர்கள், தையலை நகத்தால் நெம்புவீர்கள், ஒரு சுருக்கம் தெரிந்தால் ஓரமாகத் தள்ளுவீர்கள். அந்தப் பழக்கத்தை மாலை வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள். குளியலறைக் கொடியில் ஹெட்லைட்டுகள் எரிந்தபடி தொங்கும். எது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கிறீர்களாம். அண்ணன் துண்டோடு வெளியே காத்திருப்பார். வாளித் தண்ணீரில் ஒன்று மூழ்கிக் கிடக்கும். உங்கள் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன உடைகிறது என்று கேட்டுவிட்டுப் போனார். சார்ஜ் போடுகிற லைட்டா, கடையில் கிடைக்கிற சாதாரண பேட்டரி லைட்டா, எது நல்லது என்று நீங்களும் நானும் ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை போட்டோம். மலை மேலே சார்ஜ் தீர்ந்தால் எந்தப் பாறையில் பிளக் செருகுவாய் என்று கேட்டீர்கள். நான் பவர் பேங்க் என்றேன். அதற்கும் ஒரு சோதனை வைத்துவிடுவீர்கள் என்று பயந்து அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் சபையார் கேரல் பாடி வீடு வீடாகப் போனபோது, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். பாட்டுப் புத்தகம் படிக்க வசதி என்றீர்கள். நீங்கள் யார் முகத்தைப் பார்த்துப் பேசினாலும் அவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஆயர் ஜெபம் செய்யும்போது ஒரு கையை நெற்றிக்கு நேரே வைத்துக்கொண்டே முடித்தார். அண்ணன் அடுத்த தெருவில் கும்பலின் கடைசிக்குப் போய்விட்டார். நான் சிரித்தேன், எரிச்சலாகவும் இருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு லைட்டையும் நீங்கள் வீட்டில் சோதித்துத் தேறிவிட்டது என்பீர்கள். மலைக்குப் போய்வருவோம். வந்ததும் "டல்லுடி, பாதையே தெரியல" என்பீர்கள். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பாய் கடைக்கு வருவீர்கள். பாய் நல்ல மனிதர். போட்டுப் பார்ப்பார், எரியும், உங்கள் முகத்தைப் பார்ப்பார், வேறு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். நான் கடைக்கு வெளியே ஸ்கூட்டர் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஜவ்வாது மலைக்குப் போன அன்று நீங்கள் கட்டியிருந்ததுதான் இருப்பதிலேயே சிறந்தது. மூன்று வகை வெளிச்சம், மழைக்குத் தாங்கும், பைக்குள் தானாக எரியாமல் இருக்கப் பூட்டு. நீங்களே இதற்கு மேல் குறை சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தீர்கள். மேலே சாமை வயல்களைத் தாண்டி ஒரு பாறைமேல் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். பர்வீன் கொண்டுவந்த கோழி வறுவலை நீங்கள் சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லி இரண்டு பங்கு எடுத்துக்கொண்டீர்கள். இறங்கக் கிளம்பியபோது நேரமாகிவிட்டது. மரங்களுக்குள் நுழைந்ததும் இருட்டு. எல்லோரும் லைட்டைப் போட்டுக்கொண்டோம். பர்வீனும் மற்றவர்களும் முன்னால் பேசிக்கொண்டு இறங்கினார்கள். நீங்கள் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பாதை நடுவில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"இன்னா ஆச்சு அண்ணி?"

"லைட்டு மக்கர் பண்ணுது. டல்லா எரியுது."

உங்கள் நெற்றியிலிருந்து வந்த வெளிச்சம் என் கண்ணைக் குத்தியது. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு உங்களிடம் ஏறி வந்தேன். தரையில் ஒவ்வொரு சருகும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்குப் புரியவில்லை. என்னுடையதைக் கழற்றி உங்கள் தலையில் அதற்கு மேலேயே கட்டிவிட்டேன். இரண்டு லைட்டோடு நீங்கள் லாரி மாதிரி நின்றீர்கள். குனிந்து பார்த்தீர்கள். இதுவும் டல் என்று முணுமுணுத்துவிட்டு நடந்தீர்கள். பாதை அந்த இடத்தில் வலது பக்கம் திரும்புகிறது. உங்கள் கால் நேராகப் போனது.

உங்கள் முதுகுப்பையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டோம். உங்கள் கால் தட்டிய கற்கள் கீழே உருண்டுகொண்டே போயின. சத்தம் நிற்க நேரமாயிற்று.

"ரெண்டும் நல்லா எரியுது அண்ணி" என்றேன்.

இரண்டு லைட்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"தெரியும்" என்றீர்கள்.

எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். பொழுது சாய்ந்தால் கொஞ்ச நாளாகவே அப்படித்தான் என்றீர்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கத்தினேன். ஏலகிரிக்குப் போன காலத்திலிருந்து என்றீர்கள். அண்ணி, ஏலகிரி! அதற்குப் பிறகு எத்தனை லைட்டை வாளியில் போட்டோம், எத்தனை முறை அந்தப் பாய் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன கேடு என்று கேட்டேன். மலை எதிரொலிக்கிற அளவுக்குக் கேட்டேன்.

நீங்கள் மெதுவாகத்தான் பேசினீர்கள். "கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா செக்கிங் டேபிள்ல உக்கார வெப்பாங்களா? பகல்ல நல்லாதான் தெரியுது. லைட்டு மேல தப்பா இருக்கும், லைட்டு மேல தப்பா இருக்கும்னுதான் ஒவ்வொண்ணா வாங்கிப் பாத்தேன். ஒண்ணாவது நல்லா எரிஞ்சிடாதான்னு."

திட்டவும் முடியவில்லை. திட்டாமலும் இருக்க முடியவில்லை. எழுந்து உங்களை எழுப்பினேன். என் பையின் பின்பக்க வாரை உங்கள் கையில் கொடுத்தேன். ஒரு லைட்டை நான் கட்டிக்கொண்டு கீழ்நோக்கிச் சாய்த்து, கல் வந்தால் கல், வேர் வந்தால் வேர் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். கீழே பர்வீன் கவலையோடு காத்திருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதும் நீங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னீர்கள்: "டூப்ளிகேட் மாலு. பாதி வழில லைட்டு போயிடுச்சு." நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என் காலை மிதித்தீர்கள்.

அடுத்த சனிக்கிழமை, நடந்ததெல்லாம் கனவு போல, அந்த லைட்டை அட்டையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். பாய் கடைக்குப் போகணும் என்றீர்கள். நான் வண்டியை எடுத்தேன். இந்த முறை வெளியே நிற்கவில்லை, உள்ளே வந்தேன். நீங்கள் அட்டையைப் பலகைமேல் வைப்பதற்குள், "லைட்டு நல்லா இருக்கு பாய். திருப்பிக் குடுக்க வரல. தேங்க்ஸ் சொல்ல வந்தோம்" என்றேன். பாய் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், டீ சொல்லட்டுமா என்று கேட்டார். நீங்கள் அவர் கேட்டதைக் காதில் வாங்காமல் தெருவில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டீர்கள்.

பிறகு என்னோடு பேச்சில்லை. ஆனால் மீன் குழம்பு மட்டும் அண்ணன் கையில் மாடிக்கு வந்துகொண்டிருந்தது. உப்புக் கூட சரியாக இருந்தது. அந்த நாட்களில்தான் நான் கவனித்தேன்: விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல் நீங்கள் மாடிப்படி ஏறி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. முழங்கால் வலி என்று சொல்லியிருந்தீர்கள். நாங்கள் நம்பியிருந்தோம்.

ஒரு நாள் பொழுது இறங்கின பிறகு படியில் வளையல் சத்தம் கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு நீங்களே ஏறி வந்தீர்கள். கதவுக்கு வெளியே நின்று, ரொம்பக் கோபமான குரலில், "நாளைக்கு லீவு போட்டுட்டேன். கண் டாக்டர் கிட்ட வர்றியா?" என்று கேட்டீர்கள். வர்றேன் என்றேன்.

சர்க்கரை கண்ணின் உள்பக்கத்தைத் தொட்டிருந்தது. லேசர் வைத்து மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம், இருட்டில் போனது திரும்ப வராது என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீங்கள் கேட்ட கேள்வி இருக்கிறதே! எந்த லைட் போட்டால் தெரியும் என்று கேட்டீர்கள். லைட்டில் குறை இல்லையம்மா என்றார் அவர். நான் அவரிடம் முன்பே பேசி வைத்துவிட்டேன் என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

அண்ணனிடமும் கம்பெனியிலும் நீங்களேதான் சொன்னீர்கள். அண்ணன் மறுநாள் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து படிக்கட்டு நெடுக டியூப்லைட் மாட்டினார்; எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டியதாயிற்று. கம்பெனியில் நீங்கள் பயந்த மாதிரி நடக்கவில்லை. செக்கிங் மேசையிலிருந்து எடுத்து, பகல் ஷிஃப்டில் ஸ்டோர்ஸில் போட்டார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டீர்கள். "அங்க ஜன்னலே இல்ல" என்று மட்டும் சொன்னீர்கள். அது ஜன்னலைப் பற்றிய பேச்சு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மலை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நீங்களா விடுவீர்கள்? வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும், அதனால் விடியுமுன்னே ஏறத் தொடங்க வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டீர்கள். நான் முன்னால், நீங்கள் என் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால். லைட் இனி என் தலையில்தானே, ஏதோ ஒன்றைக் கட்டிக்கொள்கிறேன் என்றேன். அங்கேதான் தப்பு செய்தேன். மறுபடியும் வாளி, கொடி, சோப்புக் கை. ஆனால் இந்த முறை கேள்வியே வேறு. எதிர் மலை வரை பாய்கிற லைட் எல்லாவற்றையும் ஒதுக்கினீர்கள். "நாம அங்கயா கால் வெக்கப் போறோம்?" என்றீர்கள். என் வெளிச்சம் என் முன்னால் மட்டும் ஒரு தட்டு மாதிரி விழாமல், நான் கொஞ்சம் திரும்பினால் என் காலுக்குப் பின்னாலும் பரவுகிற மாதிரி அகலமாக இருக்க வேண்டும். பேட்டரி தீரும்போது பொட்டென்று போகாமல் மெல்ல மங்கிச் சொல்ல வேண்டும். அந்தப் பேட்டரி மலைக்கிராமத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்க வேண்டும். நெற்றியில் கனக்கக் கூடாது, ஏனென்றால் கனத்தால் நான் தலையைத் தூக்கிவிடுவேன், உங்கள் கால் இருட்டில் போய்விடும்.

பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடையின் பின்பக்கம் போய் தூசி தட்டி ஒன்றை எடுத்துவந்தார். நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மடக்கி, பூட்டை அமுக்கி, இதை முதலிலேயே ஏன் காட்டவில்லை என்று அவரையே அதட்டினீர்கள்.

"இது நீங்க திருப்பிக் குடுத்ததும்மா" என்றார் பாய். "ரெண்டாவதா எடுத்தீங்களே, அது."

நான் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் சிரிக்கவே இல்லை. அப்போது இவ்வளவு நன்றாக எரியவில்லை என்றீர்கள். கடைசி வரைக்கும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த லைட்டோடு எவ்வளவு ஏறினோம். நான் கல் என்றால், "சின்னக் கல்லா பெரிய கல்லா? சரியா சொல்லு" என்பீர்கள். வேர் என்றால் எந்தக் கால் பக்கம் என்பீர்கள். வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவளுக்கு மலையில் ஒரு கல்லைச் சொல்லத் தெரியவில்லை என்று பர்வீனிடம் புகார் வேறு. உச்சியில் வெளுக்கத் தொடங்கியதும் என் பையை விட்டுவிடுவீர்கள். கையை வீசிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் நிற்பீர்கள், அடிவாரத்திலிருந்தே நீங்கள்தான் வழிகாட்டி வந்தவர் போல.

ஒரு மலையிலும் விழவில்லை நீங்கள். போன மழைக்காலத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி, நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கால் வைத்தவர், நாற்காலியில் இருந்தா போவது?

உங்கள் மலைச் சாமான்கள் இருந்த அலமாரியை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. நான் திறந்தபோது லைட்டுக்குள் பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. போய் வந்ததும் பேட்டரியைக் கழற்றி வை என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் கத்துவீர்கள். கத்த ஆள் இல்லை, யாரும் கழற்றவில்லை. பாயும் கடையை மகனிடம் விட்டுவிட்டார். மகன் கேமரா விற்கிறான். அதனால்தான் இந்தப் பார்சல் கூத்தெல்லாம்.

இன்று வந்ததைச் சோதித்துவிட்டேன். பொத்தான் வழுக்கவில்லை. பூட்டு இருக்கிறது. சாதாரண பேட்டரிதான். அண்ணனைக் கூடத்தில் எனக்குப் பின்னால் நடக்கச் சொல்லி விளக்கை அணைத்தேன். அவர் காலுக்கு வெளிச்சம் விழுகிறதா என்று கேட்டேன். விழுகிறது என்றார். அதற்குப் பிறகும் நடந்துகொண்டே இருந்தார். வைத்துக்கொள்ளப் போகிறேன். நீங்களாக இருந்தால் பட்டை அகலம் கம்மி என்றிருப்பீர்கள். இருக்கட்டும்.

போன வாரம் பர்வீன் என்னைப் பேரணாம்பட்டு மலைக்கு வற்புறுத்திக் கூட்டிப் போனாள். நீங்கள் போன பிறகு முதல் முறை. அவளிடமிருந்த இன்னொரு லைட்டை எனக்குக் கட்டிவிட்டாள். விடியுமுன் ஏறினோம், நான் முன்னால், அவள் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் என் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. பெரிய கல், இடது பக்கம். வேர், உயரமா இருக்கு. சறுக்கும், பார்த்து. நான் சொல்வது என் காதிலேயே விழவில்லை, பர்வீன் கூப்பிடும் வரை.

"ஜெசி, எனக்குக் கண்ணு நல்லாதான் தெரியுது" என்றாள்.

நின்றேன். தெரியும் என்றேன். நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அவள் பக்கத்தில் வந்து என் பையின் வாரைப் பிடித்தாள்.

"பரவால்ல. சொல்லிக்கினே போ."

உச்சி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன், அண்ணி. சின்னக் கல்லா பெரிய கல்லா என்று, சரியாகத்தான்.